அறுக்கும் முன் தண்ணீர் காட்டினோமா?

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, கோவை உக்கடத்துக்கு அப்பால் சாலையோரம் ஒரு லாரியிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கினார்கள் என்று எழுதுவது மரியாதைக்காகத்தான். உண்மையில் காதையும் காலையும் பற்றித் தூக்கி வீசினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்து, இரவெல்லாம் ஓட்டி வந்த லாரி அது. தரையில் வைக்கோல் ஒரு பிடியும் இல்லை. இறங்கிய ஆடுகளில் ஒன்று எழவே இல்லை. நாக்கு வெளியே தள்ளி, வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆடு வாங்க வந்திருந்த நம்மவர் ஒருவர் அதைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "இதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டார்.

அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் கையிலும் ஒரு கயிறு இருந்தது. நானும் அந்த லாரியிலிருந்துதான் ஓர் ஆட்டை ஓட்டி வந்தேன். வீட்டை அடைந்து வாளியை வைத்தபோது அது தலையை எடுக்காமல் குடித்த குடி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

குர்பானி கூடாது என்று கூறும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். வசதியுள்ளோர்மீது அது வாஜிபு என்பது ஹனபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபியீ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகத்தை நினைவூட்டும் அந்த வணக்கத்தை விட்டுவிடச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. என் வழக்கு வேறு. இந்த வணக்கம் எங்கே தொடங்குகிறது? கத்தி கழுத்தில் படும் அந்த நொடியிலா, அல்லது ஆட்டின் கயிறு நம் கைக்கு மாறும் நொடியிலா? தக்பீர் சொன்ன ஒரு கணம் மட்டும் இபாதத்து, அதற்கு முந்திய இரண்டு நாட்களும் வெறும் வியாபாரம் என்று நாம் பிரித்துக்கொண்டோம். இந்தப் பிரிவினையை நமக்குக் கற்றுத்தந்தவர் யார்?

நிச்சயமாக நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தரவில்லை. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழியை நம் மக்தபுப் பிள்ளைகளும் அறிவர். எல்லாவற்றிலும் நன்முறையை இறைவன் விதித்திருக்கிறான். அறுக்கும்போதும் அதை அழகுறச் செய்ய வேண்டும். கத்தியைத் தீட்டிக்கொண்டு, பிராணிக்கு வேதனை குறையச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. ஆட்டைக் கிடத்தி வைத்து, அதன் கண்ணெதிரே கத்தி தீட்டிய ஒருவரை, அதை இருமுறை சாகடிக்க விரும்புகிறாயா என்று கடிந்தார்கள் அண்ணலார். அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் விட்ட ஒட்டகத்தைத் தடவிக்கொடுத்து, அது பட்டினியையும் ஓயாத உழைப்பையும் பற்றி முறையிடுகிறது என்று உடையவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆட்டைக் காலைப் பிடித்து இழுத்துச் சென்ற ஒருவரை, சாவுக்குக் கொண்டுபோவதையாவது நல்லவிதமாகச் செய் என்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் அதட்டியதாகவும் அறிவிப்பு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இவற்றை விதிகளாகவே எழுதி வைத்தன. காலைப் பிடித்து இழுப்பது மக்ரூஹ். மற்றோர் ஆட்டின் முன்னிலையில் அறுப்பது மக்ரூஹ். உயிர் முழுதும் அடங்குமுன் தோலை உரிக்கத் தொடங்குவது மக்ரூஹ்.

இனி நம் தெருக்களுக்கு வருவோம். கோட்டைமேடானாலும் குனியமுத்தூரானாலும், ஈரோடானாலும் திருப்பூரானாலும் பெருநாள் காலைக் காட்சி ஒன்றுதான். பத்து ஆடுகள் ஒரே சந்தில் கட்டப்பட்டிருக்கும். முதல் ஆட்டின் இரத்தத்தில் இரண்டாம் ஆட்டின் குளம்பு நனையும். அறுப்பவர் ஒருவர், அழைப்பவர் ஐம்பது பேர். காலையில் தீட்டிய கத்தி எத்தனையாவது கழுத்தில் மழுங்கிற்று என்று பார்க்க அவருக்கு அவகாசமில்லை. அவர் கிடைக்காத வீடுகளில், அதுவரை கோழியைக்கூட அறுத்தறியாத வாலிபர் துணிந்து இறங்குவார். சுற்றி நிற்கும் பிள்ளைகள் செல்பேசியை உயர்த்திப் பிடித்திருப்பார்கள். துடிக்கும் உயிருக்குப் பக்கத்தில் சிரித்த முகத்தோடு படம்! எத்தனை கிலோ, என்ன விலை என்ற விவரம் அந்தப் படத்தோடு நண்பகலுக்குள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். இறைச்சியும் இரத்தமும் இறைவனைச் சென்றடைவதில்லை, இறையச்சமே சென்றடைகிறது என்ற கருத்தை அருள்மறையின் 'ஹஜ்' அத்தியாயத்திலிருந்து அதே காலையில்தான் குத்பாவில் கேட்டுவிட்டு வந்திருப்போம்.

ஏன் இந்த அவசரம்? துல்ஹஜ் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று நாட்களை ஹனபி மத்ஹபு நமக்குத் தந்திருக்கிறது. ஷாஃபியீ மத்ஹபு பதின்மூன்றையும் சேர்த்து நான்கு நாட்கள் தருகிறது. ஷரீஅத்து நாட்கணக்கில் தந்த அவகாசத்தை நாம் மூன்று மணி நேரத்தில் சுருக்கிக்கொள்கிறோம். பகல் உணவுக்குப் பிரியாணி தயாராக வேண்டுமே! அறுப்பவரின் கை சோர்வதற்கும், கத்தி மழுங்குவதற்கும், ஆடுகள் ஒன்றையொன்று பார்த்து மிரள்வதற்கும் இந்த அவசரமே வேர். வேறு எந்தக் காரணத்தையும் தேடி அலைய வேண்டியதில்லை.

இதை எழுதப்போவதாக எங்கள் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடம் கூறினேன். "வேண்டாம் தம்பி. நம்மளைக் குறை சொல்ல வெளியில ஆள் இல்லாமலா இருக்கு? நாமே எடுத்துக் கொடுக்கணுமா?" என்றார். அவர் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். 1997 நவம்பரையும் 1998 பிப்ரவரியையும் இந்த ஊரில் வாழ்ந்து கடந்தவர் அவர். ஒரு சமுதாயமே தலைகுனிந்து தெருவில் நடந்த நாட்களை அவர் அறிவார். ஆயினும் அவர் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிறர் குற்றம் சொல்வார்கள் என்று அஞ்சி நம் மார்க்கத்தின் கட்டளையையே பேசாமல் விட்டால், நாம் அஞ்சுவது யாருக்கு? எதிரி கையில் ஆயுதத்தைக் கொடுப்பது என் கட்டுரை அன்று. அந்த லாரியும், அந்தச் சந்தும், அந்தச் செல்பேசிப் படமும்தான் கொடுக்கின்றன.

வெளியிலிருந்து வரும் குரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு முழுதும் ஆட்டுக்கறி உண்டுவிட்டு, துல்ஹஜ் மாதத்தில் மட்டும் ஜீவகாருண்யம் பேசுவோர் உளர். அவர்களுக்கு மறுமொழி கூற வேண்டிய அவசியம் எனக்கில்லை. கொங்கு நாட்டு மக்கள் பொதுவாக அப்படிப்பட்டவர்கள் அல்லர். குலதெய்வக் கோயிலில் கிடாய் வெட்டும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பலியிடல் தடைச் சட்டத்தை 2003-இல் தமிழக அரசு தூசு தட்டி எடுத்தபோது கிராமத்துக் கோயில்களில்தான் கொந்தளிப்பு எழுந்தது. மறு ஆண்டே அந்தச் சட்டத்தை அரசு விலக்கிக்கொண்டது. தடையினால் இரக்கம் பிறப்பதில்லை என்று அன்று தெரிந்தது. ஆனால் நம் நிலைமை வேறு. நமக்கு வெளியிலிருந்து எவரும் தடை விதிக்கத் தேவையில்லாதபடி, இரக்கத்தின் விதிகள் முன்பே எழுதித் தரப்பட்டிருக்கின்றன. அவற்றை மீறுவதற்கு மட்டும் உரிமை கோருவதா?

சட்டத்தைக் காட்டிப் பேசும் நண்பர்களும் நம்மிடையே உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் உருவான 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், தன் 28-ஆம் பிரிவில், மதம் விதித்த முறையில் பிராணியைக் கொல்வது குற்றமாகாது என்று கூறுகிறது. மெய்தான். நன்றாகப் படித்துப் பாருங்கள். விலக்கு அளிக்கப்பட்டிருப்பது கொல்லும் முறைக்கு. தாகத்துக்கு விலக்கு இல்லை. நெரிசலுக்கு விலக்கு இல்லை. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஆடுகளுக்கு மருத்துவச் சான்று வேண்டும், தீனியும் தண்ணீரும் வேண்டும், தரையில் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்காவது வைக்கோல் பரப்ப வேண்டும் என்கின்றன 1978-ஆம் ஆண்டின் போக்குவரத்து விதிகள். அறுவைமனைகளுக்கான 2001-ஆம் ஆண்டின் விதிகளோ, அறுப்பதற்கு முன் இருபத்துநான்கு மணி நேர ஓய்வு தர வேண்டும், ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்கின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மதீனாவில் கூறப்பட்டதை டில்லி அரசாங்கம் 2001-இல் எழுதி வைத்தது. நாம் இரண்டையும் படிக்கவில்லை.

முன்பு இப்படி இல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்ட மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் காளை மட்டுமல்ல, செம்மறியும் வெள்ளாடும் அங்கேதான் வயிறு நிறைந்தன. கன்னிவாடிச் சந்தைக்கோ குன்னத்தூர்ச் சந்தைக்கோ என் அத்தா ரமலான் கழிந்த கையோடு போவார். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிவார். கண், காது, கால், கொம்பு எல்லாம் பழுதில்லையா என்று பார்ப்பார். பார்வையற்றதும், நொண்டியும், எலும்பும் தோலுமாய் இளைத்ததும் குர்பானிக்கு ஆகாது என்பது நாம் அறிந்த சட்டமே அல்லவா? வாங்கிய குட்டியை நடத்தியும் பேருந்தின் மேல் ஏற்றாமலும் கொண்டுவருவதில் பிடிவாதமாக இருப்பார். அது இரண்டு மாதங்களுக்கு மேல் எங்கள் வாசலில் வளரும். அகத்திக்கீரை கட்டு வாங்குவது என் வேலை. காலையும் மாலையும் தண்ணீர் காட்டுவது பாட்டியின் வேலை. பெருநாளன்று அதைப் பின்கட்டுக்கு நடத்திப்போகும்போது பாட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "அழுதால் குர்பானி கூடுமா?" என்று ஒருமுறை நான் கேட்டேன். அழுகை வராத ஆட்டைக் கொடுத்து என்ன பயன் என்று அத்தா திருப்பிக் கேட்டார். நேசித்ததைக் கொடுப்பது என்றால் என்னவென்று எனக்கு அந்த வாசலில்தான் புரிந்தது. இரண்டு நாள் முன்பு லாரியிலிருந்து இறங்கிய, முகம்கூடப் பார்க்காத ஆட்டில் நாம் எதைத் தியாகம் செய்கிறோம்? பணத்தைத்தான்.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு மற்றொரு சொத்தும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது, நுபுவ்வத்துக் காண்டத்தில் ஒரு படலத்தையே ஒரு பெண்மானுக்காக ஒதுக்கினார். வேடன் வலையில் அகப்பட்ட மான், பால் குடிக்கும் கன்றைப் பார்த்து வரத் தவணை கேட்க, அதற்காக நாயகம் (ஸல்) அவர்களே வேடனிடம் பிணை நின்ற வரலாறு அது. மான் சொன்னபடியே திரும்பி வருகிறது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் அதைப் படித்து, மதிப்பெண் வாங்கி, மீலாது மேடைகளில் அதைப் பற்றி முழங்கியும் இருக்கிறோம். நாயகம் பிணை நின்றது காட்டு மானுக்கு. நாம் விலை கொடுத்து வாங்கிய ஆட்டுக்கு ஒரு வாளித் தண்ணீருக்காவது பொறுப்பு நிற்க வேண்டாமா?

ஆட்டோடு கருணை முடிந்துவிடுவதும் இல்லை. மிரண்டு, களைத்து, பட்டினியோடு அறுபடும் பிராணியின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துபோகிறது. அதனால் அறுத்தபின் இறைச்சியில் உண்டாக வேண்டிய புளிப்புத் தன்மை குறைந்து, அது கருத்து, விறைத்து, விரைவில் கெடுகிறது என்பது கால்நடை மருத்துவம் கூறும் செய்தி. அந்த இறைச்சியைத்தான் குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் திணித்து வைத்து உண்கிறோம். பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகளுக்காக, மூன்று நாட்களுக்குமேல் குர்பானி இறைச்சியை வைத்திருக்க வேண்டாம் என்று ஓராண்டு நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததையும், நெருக்கடி நீங்கியபின் அனுமதித்ததையும் நாம் அறிவோம். அனுமதியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டோம். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ள பெரியவர்கள் அந்த நான்கு நாட்களில் தம் உடலுக்குச் செய்துகொள்ளும் அநியாயத்தை அவரவர் வீட்டு மருந்துச் சீட்டுகள் கூறும். வீட்டுப் பெண்களின் நிலையோ இன்னும் கொடிது. ஆண்கள் அறுத்து, பங்கு பிரித்து, கை கழுவிவிட்டுப் பாயில் சாய்ந்துவிடுவார்கள். குடலைக் கழுவுவதும், கறியை அரிவதும், வருகிறவர்க்கெல்லாம் சமைப்பதும் என்று இரவு வரை அடுப்படியில் நிற்கிற தாய்க்குப் பெருநாள் எந்த நாளில் வருகிறது? மூன்று நாட்களில் பரவலாக அறுத்தால் ஆட்டுக்கு வேதனை குறைவதோடு அந்தத் தாயும் சற்று உட்கார முடியும்.

ஜமாஅத்துகள் மனம் வைத்தால் இதில் ஆகாதது எதுவுமில்லை. ஷவ்வால் மாதத்திலேயே மஹல்லாவில் எத்தனை ஆடு என்று கணக்கெடுக்கலாம். அக்கம்பக்கத்துப் பட்டிகளிலிருந்து நேரே வாங்கலாம். மூன்று நாட்களுக்கும் வீடுவாரியாக முறை வைக்கலாம். ஒரு திரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சாணைக்கல் என்ற அளவில் செலவும் பெரிதன்று. அறுக்கத் தெரிந்த மூத்தவர்களிடம் நான்கு வாலிபர்கள் ஆண்டு முழுதும் தொழில் பழகலாம். கல்யாண மண்டபத்துக்கு இலட்சங்கள் திரட்டத் தெரிந்த முத்தவல்லிகளுக்கு ஒரு சாணைக்கல் வாங்கித் தருவது பாரமா என்ன?

இந்த ஆண்டு என் வீட்டுக்கு ஆடு இப்போதே வந்துவிட்டது. மேச்சேரி இனத்துச் செம்மறிக் கிடாய். நாங்கள் குடியிருப்பது மாடி வீடுகள் நெருங்கிய தெருவாதலால், நாற்றம் அடிக்கிறது என்று மேல்வீட்டார் இருமுறை முறையிட்டுவிட்டார்கள். நாள்தோறும் இருவேளை கழுவிவிடுகிறேன். என் மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். அறுக்கப்போகிற ஆட்டுக்குப் பெயர் எதற்கு, பிறகு பிள்ளை ஏங்கிப் போகும் என்று உறவினர் தடுத்தார்கள். வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.