நட்புறவின் பெயரால்: பரிசாகச் சென்ற யானைகள்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆந் திகதி, மணிலா நகர மிருகக்காட்சிச்சாலையில் மாலி என்னும் பெண்யானை இறந்தது. 1981இல் இலங்கை அரசு, அந்நாளைய பிலிப்பைன்ஸ் சனாதிபதியின் மனைவியான இமெல்டா மார்க்கோசுக்கு அன்பளிப்பாக வழங்கிய யானை அது. உடனிருந்த சிவா என்ற யானை 1990இல் இறந்துபோக, அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகள் தன்னினத்து உயிர் வேறொன்றும் அருகில் இல்லாமலே அது வாழ்ந்தது. அதனைத் தாய்லாந்திலுள்ள புகலிடம் ஒன்றுக்கு மாற்றுமாறு விலங்குநல அமைப்புகள் பல ஆண்டுகளாக விடுத்த கோரிக்கை பயனளிக்கவில்லை. மாலி இறந்ததும் மணிலா நகர முதல்வர் அறிவித்தது யாது? இலங்கை அரசுக்குக் கடிதம் எழுதி, இன்னொரு யானையைத் தருமாறு கேட்கப்போவதாக அறிவித்தார். உடைந்த பூச்சாடிக்குப் பதில் கடையிலே வேறொன்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆயினும், கேட்டவரை மட்டும் நொந்து பயனில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையை அவருக்கு ஊட்டியது எது என்பதே ஆராயப்பட வேண்டியது. நகர மிருகக்காட்சிச்சாலை யானைகளின் துயர் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கூண்டின் அளவையும் தீனியின் தரத்தையும் பேசுகின்றனர். அந்த யானையை அங்கு அனுப்பிய கை எது என்று கேட்பாரில்லை. இலங்கையைப் பொறுத்தவரை அக்கேள்வியே முதற்கேள்வியாதல் வேண்டும்.

இத்தீவிலிருந்து யானைகள் கப்பலேறிய வரலாறு மிக நீண்டது. ஆனையிறவு என்ற பெயரே அதற்குச் சாட்சி. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்கு ஓட்டிவரப்பட்டன. ஒல்லாந்தர் அவற்றை யாழ்ப்பாணத்தில் ஏலத்தில் விற்றனர். ஊர்காவற்றுறையைக் குறிக்கும் கயிற்ஸ் என்ற சொல்லும் யானைத்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் எச்சமே என்பர். அக்காலத்தில் யானை ஒரு வணிகப்பண்டம். அதனை எவரும் மறைக்கவில்லை. குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னர் ஏலம் நின்றது, ஏற்றுமதி நிற்கவில்லை. விலையின் இடத்தில் 'நட்புறவு' வந்து அமர்ந்தது. புலவனுக்குக் களிற்றைப் பரிசிலாக ஈந்த மன்னனின் கொடைமரபுதான் இது என்று சிலர் பெருமை கொள்ளக்கூடும். (வறுமையால் வாடிய அப்புலவன் அந்தக் களிற்றுக்கு எதைத் தீனியாகப் போட்டான் என்பதை எந்தக் கொடைப்பாட்டும் சொல்வதில்லை.) விற்பவனுக்கேனும் கணக்குக் காட்டும் கடமையுண்டு. பரிசளிப்பவனோ கொடுத்த கணத்திலேயே பொறுப்பிலிருந்து விடுபட்டுப் புகழை மாத்திரம் வைத்துக்கொள்கிறான்.

இழப்பு யாருடையது என்பதை நோக்குமிடத்து யானையின் இயல்பை முதலில் நினைவுகொள்ளல் வேண்டும். ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் கருவிற் சுமக்கப்பட்டுப் பிறக்கும் கன்றைத் தாய் மட்டும் வளர்ப்பதில்லை. தாயின் தமக்கையரும் தங்கையரும் பாட்டியும் கூடிய பிடிகளின் கூட்டமே வளர்க்கிறது. எந்தக் குளம் எப்பொழுது வற்றும், எந்தத் தடத்தில் எப்பொழுது செல்லலாம் என்பவற்றையெல்லாம் கன்று அக்கூட்டத்திடமிருந்தே கற்கிறது. பிடிகளோ அக்கூட்டத்தைவிட்டு ஆயுள் முழுவதும் பிரிவதில்லை. இவ்வாறான உயிரைக் கன்றுப் பருவத்திலேயே பிரித்து, சீமெந்துத் தளத்தில் நிறுத்தும்போது நேர்வது யாது? பாதம் புண்படுகிறது, மூட்டுகள் தேய்கின்றன, நின்ற இடத்தில் நின்றபடியே தலையை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டும் நோய் பற்றிக்கொள்கிறது. அந்த ஆட்டத்தைக் கண்டு, யானை மகிழ்ந்து ஆடுகிறது என்று குழந்தைகளுக்குக் காட்டிக்கொடுக்கும் பெற்றோர் எத்தனை பேர்!

இது வெறும் உணர்ச்சிக் கூற்றன்று. 1960 முதல் 2005 வரை ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளில் வாழ்ந்த பெண்யானைகளின் ஆயுளை ஆராய்ந்த ஆய்வொன்று 2008இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாயிற்று. மிருகக்காட்சிச்சாலையிற் பிறந்த ஆசியப் பிடிகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டுகள். பர்மாவின் காடுகளில் மரம் இழுக்கும் வேலைக்காக வளர்க்கப்பட்ட பிடிகளின் ஆயுளோ 41.7 ஆண்டுகள். காட்டு வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பெற்ற கணக்கன்று இது. நாள்தோறும் மரம் இழுத்துக் களைக்கும் யானை, வேளை தவறாது தீனியும் வைத்தியமும் பெற்று வேலையின்றி நிற்கும் யானையைவிட இருமடங்கிலும் கூடிய காலம் வாழ்ந்திருக்கிறது. அந்த வைத்தியம் எதற்கு ஈடாகும்?

காவன் என்ற களிற்றின் கதையை இங்கு சற்று விரித்துக் கூறுதல் தகும். 1985இல் கன்றாக இருந்தபொழுது இலங்கை அதனைப் பாகிஸ்தானுக்கு அன்பளிப்புச் செய்தது. இஸ்லாமாபாத்தின் மார்கசார் மிருகக்காட்சிச்சாலையில் ஏறத்தாழ அரை ஏக்கர் நிலத்துள் முப்பத்தைந்து ஆண்டுகள் அது வாழ்ந்தது. அவற்றுட் பல ஆண்டுகள் சங்கிலியிற் கழிந்தன. துணையாயிருந்த சகேலி 2012இல் இறந்தபின் எட்டு ஆண்டுகள் தனிமை. தலையாட்டும் நோய் முற்றிற்று. ஈற்றில் 2020 மே மாதத்தில் இஸ்லாமாபாத் மேல் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் அதர் மினல்லா, விலங்குகளுக்கும் சட்டவழி உரிமைகள் உண்டு எனத் தீர்ப்பளித்து, காவனைத் தகுந்த புகலிடம் ஒன்றுக்கு மாற்றுமாறு கட்டளையிட்டார். அக்கட்டளையில் ஒரு வாசகம் இலங்கையருக்குச் சுருக்கென்று தைக்க வேண்டியது: இடமாற்றம் இலங்கை உயர்ஸ்தானிகருடன் கலந்தாலோசித்துச் செய்யப்பட வேண்டும் என்பதே அது. கொடுத்தவனுக்கும் இதில் ஒரு பங்குண்டு என்பதை நினைவூட்டியது, கொடுத்த நாட்டின் மனச்சாட்சியன்று. பெற்ற நாட்டின் நீதிமன்றம்.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் காவன் உருசியத் தயாரிப்பான சரக்கு விமானமொன்றில் ஏற்றப்பட்டு, கம்போடியாவின் வனச்சரணாலயம் ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பல மாதங்கள் அதனைப் பழக்கி, பெட்டிக்குள் தானாகவே புகப் பயிற்றி, உடற்பருமனைக் குறைத்து, பயணம் முழுவதும் உடனிருந்தவர்கள் வெளிநாட்டு விலங்குநல அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். கம்போடியாவில் வேலிக்கு அப்பால் நின்ற இன்னொரு யானையின் துதிக்கையை அது தொட்ட காட்சியை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. எட்டு ஆண்டுகளின் பின் அது தீண்டிய முதல் யானை அதுவே. பிறந்த நாட்டுக்கு அது திரும்பவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி மூன்றாண்டுகள் கழிந்து இலங்கையிலேயே நடந்தது. 2001இல் தாய்லாந்து அன்பளிப்பாக வழங்கிய மூன்று யானைகளுள் ஒன்றான முத்துராஜா, அளுத்கமைப் பகுதியிலுள்ள விகாரை ஒன்றில் ஊர்வலப் பணிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்கால் மடக்க முடியாதவாறு விறைத்திருப்பதையும் உடலிற் புண்கள் இருப்பதையும் விலங்குநல ஆர்வலர் வெளிக்கொணர்ந்தனர். 2022 நவம்பரில் அது தெகிவளைக்கு மாற்றப்பட்டது. 2023 யூலை 2ஆந் திகதி ஏறத்தாழ ஏழு இலட்சம் அமெரிக்க டொலர் செலவில் தாய்லாந்து அதனை விமானமேற்றித் தன் நாட்டுக்குக் கொண்டுசென்றது. இலங்கையின் பிரதமர் தாய்லாந்து மன்னரிடம் வருத்தம் தெரிவித்ததாகப் பாராளுமன்றத்திற் கூறினார். முத்துராஜாவுக்காக வருந்திய அரசு, மாலிக்காக எவரிடமேனும் விளக்கம் கோரிற்றா? தான் பெற்ற யானைக்கு வருத்தமும் தான் கொடுத்த யானைக்கு மௌனமும் என்பது எவ்வகை நீதி?

இங்கு எழுப்பப்படும் மறுப்புகள் சிலவற்றை ஒதுக்கிவிடல் நேர்மையாகாது. மிருகக்காட்சிச்சாலை இல்லையேல் நகரத்துக் குழந்தை யானையை எங்கே காண்பது என்பது ஒன்று. இலங்கையில் இவ்வாதத்துக்கு அதிக மதிப்பில்லை. மின்னேரியாக் குளக்கரையில் நூற்றுக்கணக்கான யானைகள் ஆண்டுதோறும் கூடும் நாடு இது. அன்றியும், தெகிவளையிலே பல பத்தாண்டுகளாக மாலைதோறும் நடத்தப்பட்ட யானை நடனத்தைப் பார்த்த குழந்தை கற்றது யானையைப் பற்றியன்று, அங்குசத்தைப் பற்றி.

கூண்டில் வளர்ந்த யானையைக் காட்டில் விட்டால் மாண்டுபோகும் என்பது மற்றொன்று. இது பெருமளவுக்கு உண்மையே. ஆனால் இடமாற்றம் என்பது காட்டில் துரத்திவிடுவதன்று. பரந்த நிலம், மண், நீர், தன்னினத்துத் துணை, கண்காணிக்கும் வைத்தியர் ஆகியவை அமைந்த இடத்துக்கு மாற்றுவதே அது. அதையும் பொறுப்பின்றிச் செய்தால் கேடே விளையும். காவனைக் காத்த அதே தீர்ப்பின்படி மார்கசாரிலிருந்து சிங்கங்களை அகற்றியபோது, அவற்றைப் பெட்டிக்குள் விரட்டுவதற்காகப் பணியாளர் தீமூட்ட, இரண்டு சிங்கங்கள் மடிந்தன. வெறும் கட்டளை போதாது என்பதற்கு இந்தியாவும் சான்று. அந்நாட்டின் மத்திய மிருகக்காட்சிச்சாலை அதிகாரசபை 2009 நவம்பரில், மிருகக்காட்சிச்சாலைகளிலுள்ள யானைகள் யாவற்றையும் முகாம்களுக்கும் காப்பிடங்களுக்கும் மாற்றுமாறு பணித்தது. எனினும், சிம்பாப்வே பரிசளித்த சங்கர் என்ற ஆபிரிக்க யானை தில்லியில் தனிமையிலேயே நின்று 2025 செப்டெம்பரில் இறந்தது. அதுவும் ஒரு நட்புறவுப் பரிசுதான்.

மூன்றாவது மறுப்பே கனமானது. 2023இல் மாத்திரம் இலங்கையில் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதரும் யானை-மனித மோதலால் இறந்திருக்க, கூண்டிலுள்ள சில யானைகளுக்காகக் கண்ணீர் வடிப்பது நகரத்தாரின் பொழுதுபோக்கு அன்றோ என்பது அது. வவுனியாவிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் இரவெல்லாம் வயற்காவல் இருக்கும் விவசாயி இவ்வாறு கேட்பானாயின் அவனுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அவ்விவசாயியின் பெயரைச் சொல்லி இவ்வாதத்தை எடுப்போர், அவனுக்கு இழப்பீடு வேண்டியோ யானைத்தடங்களை மறித்தெழும் திட்டங்களை எதிர்த்தோ பேசியதாகத் தெரியவில்லை. காட்டு யானையின் தடத்தை அடைப்பதும் கன்றைக் கப்பலேற்றுவதும் ஒரே மனப்பாங்கின் இரு செயல்கள். யானையின் நிலமும் யானையும் ஆள்வோர் விரும்பியவாறு எடுத்தாளும் உடைமைகள் என்பதே அம்மனப்பாங்கு. விவசாயியின் நிலத்தையும் அது அவ்வாறே கருதிவந்திருக்கிறது.

இலங்கைக்கு வழி தெரியாமல் இல்லை. 1975இல் தொடங்கப்பட்ட பின்னவலை யானைகள் இல்லம் அநாதைக் கன்றுகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அது 1978இல் மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்தின் கைக்கு மாறி, 1984 முதல் கன்றீனும் இடமாகவும் உல்லாசப் பயணிகளின் கடைத்தெருவாகவும் வளர்ந்தது. வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்குக் கன்று தேடும்போது ஆட்சியாளரின் கண் முதலில் விழுமிடமும் அதுவே. 2015இல் ஒக்லாந்து மிருகக்காட்சிச்சாலைக்கு அஞ்சலி என்ற கன்று அனுப்பப்பட்டது அங்கிருந்துதான். மறு ஆண்டு நியூசிலாந்துப் பிரதமருக்கு நந்தி என்ற கன்றும் பரிசாக அறிவிக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் குறுக்கிட்டமையால் நந்தி செல்லவில்லை. இதற்கு மாறாக, 1995இல் உடவளவையில் நிறுவப்பட்ட யானைக்குட்டிகள் இடைத்தங்கலகம் வேறு நெறியிற் செல்கிறது. அங்கு கன்றுகளுக்குப் பாலூட்டுவர். ஆனால் கொஞ்சிப் பழக்குவதில்லை. பார்வையாளர் தொலைவில் நின்று பாலூட்டும் வேளையை மட்டும் காணலாம். ஏறத்தாழ ஐந்து வயதில் கன்றுகள் கூட்டமாகக் காட்டில் விடப்படுகின்றன. இவ்வாறு நூறுக்கும் மேற்பட்டவை காடேகியுள்ளன. இரண்டும் ஒரே அரசின் நிறுவனங்கள். எது அருமையான காட்சி என்று கேட்டால் பின்னவலையின் ஆற்றுக் குளியலையே பலரும் சொல்வர். எது யானைக்கானது என்பதற்கு விடை வேறு.

ஆகவே, பிறநாட்டுக்கு யானையை வழங்கும் அதிகாரத்தை அமைச்சரவையின் விருப்பிலிருந்து நீக்கிச் சட்டத்தால் தடைசெய்தல் வேண்டும். இதுவரை சென்ற யானைகளுள் உயிரோடிருப்பவை எங்கே, எந்நிலையில் உள்ளன என்பதைத் திணைக்களம் பாராளுமன்றத்தில் வைத்தல் வேண்டும். தனித்து நிற்பவற்றை மாற்றுமாறு, உரிமையோடு மட்டுமன்றிச் செலவில் ஒரு பங்கை ஏற்கும் கடமையோடும் இலங்கை கேட்டல் வேண்டும். தெகிவளையின் யானைகள் இருபது ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட அந்த நெரிசலிலிருந்து வெளியேற்றப்பட்டு, உடவளவை போன்ற நெறியில் நடத்தப்படும் பரந்த நிலத்துக்குச் செல்லல் வேண்டும்.

முத்துராஜாவை அழைத்துச் சென்ற வேளையில், இனி யானைகளை வெளிநாடுகளுக்கு அனுப்புவதில்லை என்றும் முன்னர் அனுப்பியவற்றின் நிலையை ஆராய்வதாகவும் தாய்லாந்து அமைச்சர் கூறினார். மணிலாவின் கடிதத்துக்குக் கொழும்பு எழுதவேண்டிய பதிலும் அந்த இரண்டு வரிகளுக்கு மேற்பட வேண்டியதில்லை.