கம்ப்யூட்டருக்கு எதற்குப் பேதி மருந்து?

அந்தக் காலத்தில் மாதம் ஒரு தடவை குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். வயிறு சுத்தமாகிறதாம்! நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை இரண்டு நாள் துவண்டு கிடக்கும். அந்த வழக்கம் குழந்தைகளை விட்டுப் போனாலும் வீட்டுக் கம்ப்யூட்டரை விடவில்லை. "உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரம் கோளாறுகள், உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று திரையில் சிவப்பாக மின்னியதும் பதறிப்போய் அமுக்கிவிடுகிறவர்கள் எத்தனை பேர்!

எங்கள் மாடிவீட்டுப் பெண்ணும் அப்படித்தான் ஓர் இலவச 'கிளீனர்' புரோகிராமைப் போட்டாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறவள். "முன்னேயாவது மெதுவா வந்துச்சு அக்கா. இப்ப ஸ்விட்சைப் போட்டுட்டு ஒரு ஈடு இட்லியே எடுத்துடலாம் போல இருக்கு. பிரின்டரும் வேலை செய்யல" என்றாள். அதைவிடப் பெரிய வேதனை, பாப்பாவின் முதல் ஆறு மாதப் படங்களை 'டவுன்லோட்ஸ்' பகுதியில் வைத்திருந்தாளாம். ஒன்றைக்கூடக் காணோம்.

இந்தப் புரோகிராம்கள் செய்வது என்ன? எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று மாமியார் மனதில் ஒரு கணக்கு இருக்குமே, அதுபோல விண்டோஸுக்கு 'ரெஜிஸ்ட்ரி' என்று ஒரு குறிப்பேடு உண்டு. கிளீனர் அதில் புகுந்து, தனக்கு வேண்டாதது என்று தோன்றும் வரிகளையெல்லாம் அடித்துவிடுகிறது. பிரின்டருக்கான வரி போனால் பிரின்டர் நிற்கும். அடித்ததால் வேகம் கூடுமா என்றால், சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் கூடாது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் புரோகிராம்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. 2017-இல் 'சிசிகிளீனர்' என்ற பேர்பெற்ற புரோகிராமின் ஒரு பதிப்பிலேயே விஷமிகள் புகுந்து, சுமார் 22 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. பேர்பெற்றதுக்கே அந்தக் கதி என்றால், பேர் தெரியாததை என்ன சொல்ல?

சரி, கெட்டுப்போனதைச் சீராக்குவது எப்படி? படங்கள் அழிந்திருந்தால் முதலில் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுங்கள். அழிந்த படம் உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அதனால் மீட்கும் புரோகிராமை அதே டிஸ்கில் இறக்கவே கூடாது. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித்தான் தேட வேண்டும். இப்போது வரும் 'எஸ்எஸ்டி' வகையாக இருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. மாடிவீட்டில் இருந்தது பழைய வகை. பாதிப் படங்கள் வந்தன. மீதியில் பல, காரைக்குடிப் பாட்டியின் போனில் வாட்ஸ்அப்பில் இருந்தன. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் குழந்தை சிரிப்பது தெரிகிறதே!

பிறகு மிச்சமிருக்கும் படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். கிளீனரை நீக்குவதற்கு முன், அதிலேயே 'பேக்கப்' அல்லது 'ரிஸ்டோர்' என்று இருக்கிறதா பாருங்கள். சிலது, தான் அடித்த வரிகளை எடுத்து வைத்திருக்கும். இல்லையென்றால் விண்டோஸின் தேடும் கட்டத்தில் 'ரிஸ்டோர் பாயின்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, வரும் பெட்டியில் 'சிஸ்டம் ரிஸ்டோர்' பொத்தானை அமுக்கினால், கிளீனர் போட்டதற்கு முந்தைய தேதிக்குத் திரும்பலாம். இதனால் உங்கள் படங்களும் கடிதங்களும் அழியாது. அழிந்தவை திரும்பவும் வராது. அந்தத் தேதிக்குப் பின் போட்ட புரோகிராம்களை மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கும். சில வீடுகளில் இந்த வசதி அணைந்தே கிடக்கும், அப்போது தேதி எதுவும் வராது.

வராவிட்டாலும் வழி இருக்கிறது. 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று தேடி, அதன்மேல் வலது பக்கம் கிளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறக்க வேண்டும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'ஸ்கேன்நவ்' என்று ஒரே சொல்லாக அடித்து என்டரைத் தட்டுங்கள். விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளைத் தானே சோதித்து, கெட்டதை மாற்றிக்கொள்ளும். அரைமணி நேரம்கூட ஆகலாம். நடுவில் ஒரே எண்ணில் நிற்கிற மாதிரி இருந்தாலும் மூடக் கூடாது. கரன்ட் போகிற நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். அதற்கும் மசியாவிட்டால் 'ரீசெட் திஸ் பிசி' கடைசி வைத்தியம். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்புகள் தங்கும், புரோகிராம்கள் போய்விடும்.

ஆதியில் மெதுவாக இருந்ததே, அதற்கு என்ன செய்வது? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, 'ஸ்டார்ட்அப்' பட்டியலைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எழுந்ததும் கூடவே எழுந்து உட்காரும் கூட்டம் அங்கே தெரியும். வைரஸ் காவலை விட்டுவிட்டு, வேண்டாததை 'டிசேபிள்' செய்யலாம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி மாற்றுவதைப் போல பலன் தருவது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். மாடிவீட்டிலும் கடைசியில் அதைத்தான் செய்தார்கள்.

சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால் விண்டோஸிலேயே 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று போய் 'டெம்பரரி ஃபைல்ஸ்' பகுதியைத் திறந்தால் போதும், காசும் இல்லை. அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரும் இருக்கும். அதில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டு அப்புறம் அமுக்குங்கள்.