ஏணி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

ஏணிக்கெல்லாம் ஒரு பதிவான்னு யாரும் ஓடிடாதீங்க மக்களே. செல்போன் வாங்கணும்னா பத்து பேர்கிட்ட விசாரிக்கிறோம். மிக்ஸி வாங்கணும்னா பக்கத்து வீட்டு மிக்ஸியை ஓட்டிப் பாத்துட்டுதான் வாங்கறோம். ஏணிக்கு மட்டும் ஒரு விசாரணையும் கிடையாது. ஹார்ட்வேர் கடைக்குப் போய் "அண்ணே, வீட்டுக்கு ஒரு ஏணி குடுங்க"ன்னு கேட்டு, அவர் காட்டறதை ஆட்டோவுல கட்டிக்கிட்டு வந்துடறோம். அப்படி வாங்கறவங்களாவது பரவாயில்லை. நிறைய வீட்டுல இன்னிக்கும் ஏணின்னா ஒரு பிளாஸ்டிக் சேர், அது எட்டலைன்னா அதுமேல ஒரு முக்காலி.

இப்போ எந்தக் கடைக்குப் போனாலும் முன்னாடி நிக்கறது "மல்டி பர்ப்பஸ்" மடிப்பு ஏணிதான். நாலு துண்டு, துண்டுக்கு மூணு படி, நடுவுல ஜோடி ஜோடியா ஆறு கீல். கடைக்காரர் அதை டக்கு டக்குன்னு மடக்குவார். கூடாரம் மாதிரி நிப்பாட்டுவார், நேரா நீட்டிச் சுவர்ல சாய்ப்பார், கவுத்துப் போட்ட 'ப' மாதிரி வளைச்சு "இதுமேல பலகை போட்டா சாரம் சார்"ம்பார். குழந்தைங்க விளையாடற டிரான்ஸ்ஃபார்மர் பொம்மை கணக்கா இருக்கும். பாத்ததும் நமக்கும் வாங்கணும்னு தோணிடும்.

என் கட்சி என்னன்னா, ஏணி எத்தனை விதமா மடியுதுங்கறது ரெண்டாம்பட்சம். கால் எந்த உயரத்துல நிக்கப் போகுது, எதுமேல நிக்கப் போகுது, அது யாரோட கால்? இந்த மூணையும் வீட்டுலயே கணக்குப் போட்டுட்டுத்தான் கடைப்பக்கம் போகணும். போட்டுப் பாத்தீங்கன்னா, பாதி வீட்டுக்கு இந்த மல்டி ஏணி தேவையே இல்லைன்னு தெரியும். மீதிப் பாதிக்கு அது இல்லாம முடியாது.

கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. அடுக்குமாடி வீட்டுல சீலிங் பெரும்பாலும் ஒன்பதரை அடி, பத்தடி. ஃபேன் எட்டரை அடியில தொங்குதுன்னு வச்சுக்குங்க. அஞ்சே கால் அடி, அஞ்சரை அடி உயரமுள்ள ஆளுக்குக் கண்மட்டம் சுமாரா அஞ்சடி. ஃபேன் இறக்கை மேல படிஞ்ச அழுக்கைப் பாத்துத் துடைக்கணும்னா கால் மூணே முக்கால் அடி உயரத்துல இருந்தாப் போதும். ஒரு படிக்கு முக்கால் அடின்னு பாத்தா அஞ்சு படி. பரண் ஏழடியில இருந்தா மூணாவது படியிலயே வேலை முடிஞ்சுது. ஆக, சாதாரண ஃபிளாட்டுக்குத் தேவை, உச்சியில அகலமா ஒரு தட்டு, அதுக்கு மேல பிடிச்சுக்க ஒரு கம்பி, இது ரெண்டும் உள்ள அஞ்சு படி ஏணி. அவ்வளவுதான்.

சரி, மல்டி ஏணியில அதைச் செய்ய முடியாதான்னு கேப்பீங்க. முடியும், ஆனா இங்கதான் ஒரு சூட்சுமம் இருக்கு. 12 அடின்னு சொல்லி விக்கற ஏணி, நேரா நீட்டினா பதினொன்றரை அடி பக்கம் வரும். அதைக் கூடாரம் மாதிரி நிப்பாட்டினா உச்சியே அஞ்சரை அடிதான். உச்சியில ஏறி நிக்க முடியுமா? கூடாது. மேல இருக்கற ரெண்டு படியை விட்டுட்டு, அதுக்குக் கீழதான் நிக்கணும். அப்போ உங்க கால் நாலடிக்கும் கீழதான் நிக்கும். அஞ்சு படி தட்டு ஏணி தர்ற அதே உயரம்! அதுவும் எதுமேல? ஒல்லியான கம்பிப் படி மேல. வெள்ளைக்காரன் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஏறுவான், அவனுக்கு உறைக்காது. நாம வீட்டுக்குள்ள வெறுங்காலோட ஏறுறவங்க. பத்து நிமிஷம் நின்னு ஃபேன் துடைச்சாப் பாதம் கன்னிப்போயிடும். பாதம் வலிச்சா மனுஷன் சும்மா நிப்பானா? காலை மாத்தி மாத்தி வைப்பான். அங்க ஆரம்பிக்கும் ஆட்டம்.

அதுக்காக மல்டி ஏணி மோசம்னு நான் சொல்லலை. தனி வீடு, மொட்டை மாடி, மாடிப்படிக் கூரை மேல தண்ணித் தொட்டி இருக்கறவங்களுக்கு அது வரம். மடிச்சா மூணு மூணே கால் அடிக்குள்ள அடங்கிடும், கார் டிக்கியில கூடப் போகும். பழைய மூங்கில் ஏணியை வெயில்லயும் மழையிலயும் வெளிய போட்டு மக்க வைக்கற கதை இதுல இல்லை. ஆனா இங்கயும் ஒரு கணக்கு உண்டு. சுவர்ல சாய்க்கற ஏணி நாலடி உயரத்துக்கு ஒரு அடி சுவரைவிட்டுத் தள்ளி நிக்கணும், அதாவது 75 டிகிரி சாய்வு. அதுக்கு மேல நிமிர்த்தினா பின்னாடி சரியும். ரொம்பப் படுக்க வச்சா அடி வழுக்கும். அப்புறம், ஒரு கூரை மேல ஏறி இறங்கணும்னா ஏணி அந்த விளிம்புக்கு மேல மூணடி நீட்டிக்கிட்டு இருக்கணும். இல்லைன்னா இறங்கும்போது பிடிக்க ஒண்ணும் இருக்காது, கால் காத்துல படியைத் தேடும். இந்த ரெண்டையும் கழிச்சுப் பாத்தா 12 அடி ஏணி எட்டடிக் கூரைக்குத்தான் காணும். உங்க தொட்டி பத்தடி மேல இருக்குன்னா துண்டுக்கு நாலு படி உள்ள, பதினஞ்சு அடி வர்ற ஏணிதான் வாங்கணும். "எட்டிடும் சார், பாத்துக்கலாம்"னு கடையில சொல்றதை நம்பாதீங்க. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே டேப் வச்சு அளந்துட்டுப் போங்க.

பதினஞ்சு அடி ஏணி சும்மா இல்லை, பதினஞ்சு கிலோ பக்கம் இருக்கும். 12 அடியே பதினொண்ணு, பன்னெண்டு கிலோ. வீட்டுல அதை யார் தூக்கப் போறாங்க? இதை நாம யோசிக்கிறதே இல்லை. தூக்க முடியாத ஏணி பரண் பக்கமே வராது. மறுபடி சேரும் முக்காலியும்தான் வரும். எங்க தெருவுல ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டினவர், சாமி படத்துக்கு மாலை மாத்த முக்காலி மேல ஏறி விழுந்தார். ரெண்டடி உயரம்தான். இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. காலையில பார்க் வரைக்கும் நடந்துக்கிட்டிருந்த மனுஷன் இப்போ ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் வாக்கர் வச்சு நடக்கறார். அந்த வீட்டுல ஏணி இருந்துது. கொல்லைப்புறத்துல, துணி உலர்த்தற கம்பிக்குப் பின்னாடி, இரும்பு ஏணி. அவர் எப்படித் தூக்கிட்டு வருவார்?

இரும்புன்னதும் சொல்லிடறேன், எனக்கு அலுமினியம்தான் பிடிக்கும். இரும்பு உறுதின்னு பெரியவங்க சொல்வாங்க. சரிதான். ஆனா சென்னை உப்புக் காத்துக்குப் படி சேர்ற இடத்துலதான் முதல்ல துரு பிடிக்கும், பெயின்டுக்குள்ள அது வெளிய தெரியவும் தெரியாது.

கடையில என்ன பாக்கணும்? முதல்ல, விரிச்சு வைக்கச் சொல்லி நீங்களே ஏறுங்க. வெக்கப்படாதீங்க. ரெண்டாவது படியில நின்னு இடுப்பை இடமும் வலமும் ஆட்டுங்க. கொஞ்சம் வளைஞ்சு திரும்பினாத் தப்பில்லை. ஆனா படி சட்டத்துக்குள்ள லொடலொடன்னா அது வேண்டாம். படி சட்டத்துல எப்படி சேந்திருக்குன்னு குனிஞ்சு பாருங்க. படிக்குழாய் சட்டத்தைத் துளைச்சு வெளிய வந்து விளிம்பு மடிச்சு இறுக்கியிருந்தா நல்லது. ஒத்தை ரிவெட்டுல தொங்கினா வந்த வழியே திரும்பிடுங்க.

"ஹெவி டியூட்டி"ன்னு சிவப்பு எழுத்துல ஒட்டியிருக்கறதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எத்தனை கிலோன்னு நம்பர் வேணும். ஐரோப்பாக்காரங்களோட ஈஎன் 131 தரம்னு போட்டிருந்தா 150 கிலோ. அமெரிக்கக் கணக்குல டைப் 1ஏன்னா 300 பவுண்டு, நம்ம 136 கிலோ. இது ஆளோட எடை மட்டும் இல்லை. ஆள், கையில இருக்கற ட்ரில், தொங்கவிட்ட வாளி எல்லாம் சேத்து. 20 லிட்டர் பெயின்ட் வாளியே 25 கிலோவைத் தாண்டும். எண்பது கிலோ பெயின்டர் அதைத் தூக்கிக்கிட்டு ஏறினா? நூறு கிலோ ஏணி எனக்குப் போதும், நான் எழுபதுதானேன்னு வாங்கறவங்க இதை நினைச்சுக்குங்க.

அடுத்து கீல். மல்டி ஏணியோட உயிர் அங்கதான். ஆறு கீலும் 'டிக்'குன்னு பூட்டற சத்தம் கேக்கணும். ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஆறையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏறணும். அஞ்சு பூட்டி ஒண்ணு பூட்டலைன்னா அது ஏணி இல்லை, பொறி. மடக்கும்போது விரல் நசுங்கறதும் இதுலதான், குழந்தைங்க கையில குடுக்காதீங்க. மொட்டை மாடி மண்ணு உள்ள போனா கீல் இறுகும், அப்பப்போ துடைச்சு ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டாப் போதும். இதே காரணத்தாலதான் ரேடியோ ஏரியல் மாதிரி நீளற டெலஸ்கோப் ஏணி மேல எனக்கு ஆசை வரலை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பூட்டு, குழாய்க்குள்ள குழாய். நம்ம ஊர் தூசிக்கு அது சொகுசுக்காரப் பிள்ளை.

கடைசியா அடியில இருக்கற ரப்பர் புஷ். ஒரு காலத்துல வீட்டுத்தரை சிமென்ட்டு. இப்போ முகம் தெரியற பளபள டைல்ஸ். தேஞ்சுபோன புஷ்ஷோட ஏணியை அதுமேல நிப்பாட்டறது ஐஸ்கட்டி மேல நிப்பாட்டற மாதிரி. வாங்கும்போதே இந்த மாடலுக்கு புஷ் தனியாக் கிடைக்குமான்னு கேளுங்க. ஒரு கடையில நான் கேட்டதுக்கு, "புஷ் போனா துணியைச் சுத்திக் கட்டிக்குங்க சார்"னு பதில் வந்துது. நான் வெளிய வந்துட்டேன். :-)

இனி முக்கியமான விஷயம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். அவர் கருவிப் பையோட பஸ்ஸுலயோ பைக்குலயோ வருவார், ஏணியா தூக்கிட்டு வருவார்? நாம என்ன குடுக்கறோம்? டைனிங் டேபிளை இழுத்துப் போட்டு, அதுமேல ஒரு ஸ்டூல், "பாத்து ஏறுங்கண்ணே". அவரும் பழகின தோஷத்துல ஏறிடுவார். விழுந்தார்னா அன்னிக்குக் கூலி மட்டும் போகாது, அப்புறம் எத்தனை மாசக் கூலியோ. தீபாவளிக்கு முன்னாடி ஒட்டடை அடிக்க, லாஃப்ட் சுத்தம் பண்ண வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவை ஏத்திவிடறோமே, அவங்களுக்கும் இதே சேர்தான். நாம ஏற பயப்படற இடத்துக்கு, காசு குடுத்து இன்னொருத்தரை அதே ஸ்டூல்ல ஏத்தறது எனக்கு நியாயமாப் படலை. ஏணி விலை கூடன்னு முனகறவங்க, அதுல ஏறப்போறது தான் மட்டும் இல்லைங்கறதையும் சேத்துக் கணக்குப் போடணும். அந்த அம்மா புடவையோட ஏறுவாங்க. அகலப் படி, தட்டு, கைப்பிடிக் கம்பி, இதெல்லாம் அவங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

எலக்ட்ரீஷியன் விஷயத்துல இன்னொண்ணும் உண்டு. அலுமினியத்துல கரன்ட் பாயும். வயர் வேலைன்னா மெயினை அணைச்சுட்டுத்தான் ஏறணும், அடிக்கடி அந்த வேலை இருக்கற வீடுன்னா ஃபைபர் கிளாஸ் ஏணிதான் சரி. அதுவும் நனைஞ்சிருந்தா நம்பக் கூடாது. நம்ம தெருக்கள்ல கரன்ட் கம்பி பால்கனியைத் தொடற மாதிரி போகுது. பதினஞ்சு அடி ஏணியை நிமிர்த்தித் தூக்கிக்கிட்டு மாடியில திரும்பாதீங்க. படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போய், மேல என்ன இருக்குன்னு அண்ணாந்து பாத்துட்டு நிமிர்த்துங்க.

ரெண்டுமே வேணும்னு தோணறவங்களுக்கு ஒரு யோசனை. மல்டி ஏணி வருஷத்துக்கு நாலு தடவை தேவைப்பட்டா அதிகம். நாலு குடித்தனம் இருக்கற இடம்னா சங்கத்துப் பணத்துல நல்லதா ஒண்ணு வாங்கி மாடிப்படிக்குக் கீழ வைக்கலாம். அஞ்சு படி ஏணி அவங்கவங்க வீட்டுல. அது மடிச்சாத் தட்டையாகி கதவுக்குப் பின்னாடி ஒட்டி நின்னுக்கும். மல்டி ஏணி மடிச்சாக் குட்டைதான், ஆனா குண்டு. ஃபிளாட்டுல அதை எங்க வச்சாலும் காலை இடிக்கும்.

எனக்கு விடை கிடைக்காத ஒண்ணு மாடிப்படிச் சுவர். ஒரு கால் மேல் படியில, ஒரு கால் கீழ் படியில நிக்கணும்னா நாலு துண்டு மடிப்பு ஏணி உதவாது. ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா நீட்டிப் பூட்டற ஏணி வேணும். 1970-கள்ல ஹால் விங்னு ஒரு அமெரிக்கர் ஜெர்மனியில இப்படி ஒண்ணைப் பாத்துட்டு, ஊருக்குப் போய் 'லிட்டில் ஜயன்ட்'னு பேர் வச்சு வித்தார், பெரிசா ஓடுச்சு. பாரிமுனைப் பக்கம் நான் ஏறி இறங்கின கடைகள்ல அந்த ஜாதி ஏணி கண்ணுல படலை. உங்கள்ல யாராவது வாங்கியிருந்தா எந்த ஊர்ல, எந்தக் கடையில, படி வெறுங்காலுக்கு எப்படி இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. எங்க வீட்டு மாடிப்படிச் சுவர் மூணு வருஷமா சுண்ணாம்புக்குக் காத்துக்கிட்டிருக்கு.