சிமிழின்மேல் ஒரு பெயர், உள்ளே வேறொரு பொருள்

ஒரு சிறு சிமிழ். அதனுள் சில துளி நீர்மம். வெளியே ஓர் ஒட்டுத்தாள். அத்தாளில் ‘இம்போர்ட்டின் ஆல்பா-1 எதிர்ப்பொருள்’ என்று அச்சிட்டிருக்கும். விலையோ சில நூறு அமெரிக்கத் தாலர். வணிகக் குழுமங்கள் விற்கின்றன; ஆய்வாளர் வாங்கி உயிரணுக்களின்மேல் இடுகின்றனர்; ஒளிர்ந்த இடமெல்லாம் அப்புரதம் இருக்கும் இடமென்று எழுதிப் படமும் பதிப்பிக்கின்றனர். ஒட்டுத்தாள் பொய்யாயின் அப்படமும் பொய்யே அன்றோ? ஓர்ந்து காட்டாமல் விற்போரையும், ஓர்ந்து பாராமல் வாங்குவோரையும் நோக்கியே இவ்வுரை.

பொருளை முதற்கண் விளங்கிக் கொள்வோம். உயிரணுவின் நடுவே உட்கரு. அதனைச் சூழ்ந்த மதிலில் துளைவாயில்கள் பல. சிறு மூலக்கூறுகள் தாமே நுழைந்து விடும். பெரிய புரதம் உட்புக வேண்டின் அதற்கு வழித்துணை வேண்டும். அவ்வழித்துணையே இம்போர்ட்டின். அதன் ஆல்பாக் கூறு, உட்புக வேண்டிய புரதத்தின்மேல் உள்ள அடையாளத்தை அறிந்து பற்றிக் கொள்ளும். பீட்டாக் கூறு அவ்விரண்டையும் வாயில் கடத்தும். உள்ளே ‘இரான்’ என்னும் மற்றொரு புரதம் வந்து பிணைப்பை அவிழ்க்கும். மார்பகம் முதலிய உறுப்புகளின் புற்றுநோயில் இவ்வால்பாக் கூறுகளுள் ஒன்று மிகுந்து காணப்படுவதாக ஆய்வேடுகள் பல கூறுகின்றன. அம்மிகுதியை அளக்கும் கோல்களுள் தலையாயது அச்சிமிழில் உள்ள எதிர்ப்பொருளே. கோல் கோணினால் நோயாளியைப் பற்றிய முடிவும் கோணும் என்பதை மறவற்க.

இனிப் பெயருக்கு வருவோம். தமிழ் பயிற்றும் எனக்கு இங்குத்தான் பொறுக்கவில்லை. 1994-இல் கேர்லிக்கும் அவருடன் ஆய்ந்தோரும் தவளை முட்டையினின்று இவ்வழித்துணையைப் பிரித்தெடுத்து ‘இம்போர்ட்டின்’ என்றனர். நியூயார்க்கில் புளோபலின் ஆய்வகத்தார் அவ்வினத்தையே ‘காரியோபெரின்’ என்றனர். ஒரு பொருளுக்கு இரு பெயர் இருத்தல் குற்றமன்று; ஞாயிற்றுக்கு நம் மொழியில் பெயர் எத்தனை! எண்ணிட்டதில்தான் கேடு புகுந்தது. மாந்தரிடம் ஆல்பாக் கூறுகள் ஏழு. அவற்றுள் இம்போர்ட்டின் ஆல்பா-1 எனப்படுவதே காரியோபெரின் ஆல்பா-2. காரியோபெரின் ஆல்பா-1 எனப்படுவதோ இம்போர்ட்டின் ஆல்பா-5! முன்னதற்கு ஆர்.சி.எச்.1 என்றும் எசு.ஆர்.பி.1 ஆல்பா என்றும் வேறு பெயர்களும் உள. ‘ஆல்பா-1’ என்று மட்டும் எழுதினால் எதனைக் கொள்வது?

நம் நிகண்டு நூலார் ஒரு பொருள் குறித்த பல பெயர்களையும், பல பொருள் குறித்த ஒரு சொல்லையும் வெவ்வேறு தொகுதியாகப் பிரித்து வைத்தனர். ‘மா’ என்பது மரமா விலங்கா என்பதை, அச்சொல் நிற்கும் இடமே காட்டிவிடும். சிமிழின்மேல் நிற்கும் சொல்லுக்கோ முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெயர் செவ்விதாயினும் பொருள் செவ்விதாதல் வேண்டும். அவ்வெழுவருள் ஒரே கிளையைச் சேர்ந்த சிலர் தம்முள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஒத்திருப்பர். முயலின் குருதியில் விளைந்த எதிர்ப்பொருள் உடன்பிறந்தாரை வேறுபிரித்து அறியும் என்பதற்கு உறுதி என்ன? 1975-இல் கோலரும் மில்சுட்டைனும் கேம்பிரிட்சில் ஒரே வழி உயிரணுக்களினின்று ஒரே தன்மைத்தான எதிர்ப்பொருளை இடையறாது பெறும் முறையைக் கண்டனர். 1984-இல் நோபல் பரிசும் பெற்றனர். பெரும் வினையே. ஆயினும் ஒரே தன்மைத்து என்பது ஒன்றனையே பற்றும் என்று பொருள்படாது. சான்று காண்க: 1986-இல் இலாரா தேவிசும் புளோபலும் எலியின் ஈரல் உட்கருவைக் கொண்டு ஆக்கிய ‘414’ என்னும் எதிர்ப்பொருள், துளைவாயிற் புரதங்கள் பலவற்றை ஒருங்கே பற்றும். அவ்வாறு பற்றும் என்பது வெளிப்படையாகத் தெரிந்திருத்தலின் அதனை வாயிலைக் காட்டும் பொதுக்கருவியாகவே கொள்கின்றனர், எவரும் ஏமாறுவதில்லை. பொதுப்பெயரைச் சிறப்புப்பெயரென்று விற்பதையே நாம் பழிக்கின்றோம்.

இது வெறும் ஐயமா? 2023-இல் மொன்றியலைச் சார்ந்த ஆய்வுக்குழு ஒன்று, பெரும்பாலும் நரம்பு நோய் தொடர்பான 65 புரதங்களுக்கு விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களை ஓர்ந்தது. குறித்த புரதத்தை ஆக்கும் மரபணுவை நீக்கிய உயிரணு ஒன்று, நீக்காதது ஒன்று. இரண்டன்மேலும் எதிர்ப்பொருளை இடு. நீக்கியதிலும் ஒளிர்ந்தால் அது பொய் என்க. எத்துணை எளிய ஓர்வு! பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு பயன்பாட்டில் தவறின. தம் இலக்கையே அறியாத எதிர்ப்பொருளைக் கொண்டு வந்த ஆய்வேடுகள் புரதம் ஒன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 12. நல்லனவும் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. மூன்றில் இரண்டு பங்குப் புரதங்களுக்குத் தக்க எதிர்ப்பொருள் கிடைத்தது. பொன்னும் பித்தளையும் ஒரே விலையில், ஒரே பேழையில் கிடந்தன என்பதே குற்றச்சாட்டு.

ஓர்வு செய்தால் விலை ஏறும் என்பர் வணிகர். ஏறட்டுமே! 2015-இல் பிராட்பரியும் புளூக்தனும் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் கையொப்பத்துடன் ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது, தீய எதிர்ப்பொருள்களால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80 கோடி தாலர் வீணாவதாகக் கணித்தனர். அதில் மக்கள் வரிப்பணமும் உண்டு. எதிர்ப்பொருளின் புரத வரிசையையே வெளியிட்டு, எவரும் அதனை மீள ஆக்கிப் பார்க்கும் நிலை வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். வணிக மறைபொருள் என்று குழுமங்கள் அதனை மூடி வைப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. செய்முறை தெரியாத அளவுகோலைக் கொண்டு அளப்பது அறிவியலாகுமா?

“முன்பு பலர் பயன்படுத்தினர், நாங்களும் பயன்படுத்தினோம்” என்னும் ஆய்வாளர் விடை அதனினும் இழிந்தது. தவறிய எதிர்ப்பொருளும் பலர் பயன்படுத்தியதே அன்றோ?

2023-இன் முடிவைக் கண்ட குழுமங்கள் தவறியவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை விற்பனையினின்று நீக்கின. பத்தில் நான்கு பங்கிற்குப் பயன்பாட்டுக் குறிப்பைத் திருத்தின. நன்று. எனினும் அது 65 புரதங்களுக்கே. மாந்தரின் புரத மரபணுக்களோ ஏறத்தாழ 20,000. ஆதலின் இம்போர்ட்டின் எதிர்ப்பொருள் வாங்கச் செல்லும் ஆய்வாளர், உடன்பிறந்தார் எழுவருள் எவரை இது பற்றும், எவரைப் பற்றாது, அம்மரபணு நீக்கிய உயிரணுவில் எடுத்த படம் எங்கே என்று முதலில் கேட்கட்டும். படம் காட்டாத குழுமத்தின் சிமிழ் அக்குழுமத்தின் குளிர்பெட்டியிலேயே கிடக்கட்டும்.