நாக்குக்கு ஒரு வகுப்பு

கலாசாலையில் உச்சரிப்பைக் கழுவ வகுப்பு நடத்தியதாகக் கேள்விப்பட்டதுண்டா, நேயர்களே? அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில், மெக்ஸிகோ எல்லையோரம் நடந்திருக்கிறது. 1960-களில் பான் அமெரிக்கன் கலாசாலையில் படித்த மெக்ஸிக வம்ச மாணவர்கள் இரண்டு பேச்சு வகுப்புகளுக்குப் போயாக வேண்டும். அவர்களுடைய இங்கிலீஷில் ஸ்பானிஷ் வாடை வீசக் கூடாதாம்!

கணக்கில் தோற்ற பையன் அடுத்த தடவை தேறிவிடலாம். தாயார் கற்றுக்கொடுத்த பேச்சே குற்றம் என்றால் எந்தப் பரீட்சையை எழுதுவது?

அங்கே படித்த குளோரியா அன்ஸால்டுவா என்ற எழுத்தாளர், 1987-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். கலாசாலையை விட்ட பிறகும் வெட்கம் விடவில்லை. மெக்ஸிக வம்சப் பெண்கள் நாலு பேர் விருந்தில் கூடினால், 'நம்முடைய ஸ்பானிஷும் மட்டமோ!' என்று கூசி, தங்களுக்குள்ளேயே இங்கிலீஷில் பேசிக்கொள்வார்களாம்.