காற்றில் வரும் இணைப்புக்கும் பூட்டு வேண்டும்

வீட்டை விட்டுப் புறப்படும்போது கதவைப் பூட்டினோமா என்று இருமுறை பார்க்கும் நாம், அதே வீட்டிலிருந்து வீதி வரை பரவிச் செல்லும் கம்பியில்லா இணைய இணைப்பின் பூட்டு எத்தகையது என்று ஒருமுறையேனும் பார்ப்பதில்லை. இந்த அலட்சியத்தின் விளைவு என்ன என்பதை 2021ஆம் ஆண்டு இஸ்ரேலில் நடைபெற்ற ஓர் ஆய்வு உலகுக்கு எடுத்துக்காட்டியது.

சைபர்ஆர்க் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் டெல் அவிவ் நகரில் 5,000 வைபை வலையமைப்புகளின் சமிக்ஞைகளைச் சேகரித்து, அவற்றின் கடவுச்சொற்களைச் சோதித்தார். சமிக்ஞைகளைச் சேகரிக்க அவர் பயன்படுத்தியவை விலை குறைந்த உபகரணமும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுமே. ஆயினும் 3,500க்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள், அதாவது 70 சதவீதமானவை, அவரிடம் சிக்கின. அவற்றில் ஏறக்குறைய 2,200 வெறும் கையடக்கத் தொலைபேசி இலக்கங்கள் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இதன் பின்னாலுள்ள கணக்கு எளிமையானது. இஸ்ரேலியக் கையடக்கத் தொலைபேசி இலக்கம் 05 என்று தொடங்கும் பத்து இலக்கங்களைக் கொண்டது. முதல் இரண்டும் தெரிந்தவையாதலால் எஞ்சுவது எட்டு. ஆகவே ஊகிக்க வேண்டியவை 10 கோடி மாத்திரமே. நமது நாட்டின் இலக்கங்களும் 07 என்று தொடங்கும் பத்து இலக்கங்கள்தாம். அங்கு பலித்தது இங்கும் பலிக்கும்.

விநாடிக்கு ஒரு கோடி சொற்களை ஒப்பிடும் வசதி ஒருவரிடம் உள்ளதெனக் கொள்வோம். தொலைபேசி இலக்கத்தைக் கடவுச்சொல்லாகக் கொண்ட இணைப்பு அவர் முன் பத்து விநாடி மாத்திரமே தாக்குப்பிடிக்கும். எவ்வித ஒழுங்குமின்றித் தெரிவுசெய்த பன்னிரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளோ ஏறக்குறைய 300 ஆண்டுகள் நின்றுபிடிக்கும். பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை இலக்கம் ஆகியவையும் பாதுகாப்பானவையல்ல. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் நாளையுமே குறிக்கின்றன. 2009ஆம் ஆண்டு ரொக்யூ நிறுவனத்திலிருந்து கசிந்த கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களின் பட்டியல் இன்றும் ஊகிப்போரின் அகராதியாக விளங்குகின்றது.

அயலவர் சிறிது இணையத்தைப் பயன்படுத்தினால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கக்கூடும். நட்டம் மாதாந்தக் கட்டணத்துடன் முடிவதில்லை. அந்த இணைப்பினூடாக எவரேனும் மோசடி புரிந்தாலோ, இனங்களுக்கிடையே பகைமூட்டும் பதிவொன்றை இட்டாலோ, விசாரணை முதலில் வந்து நிற்கும் வாசல் இணைப்புக்குரியவருடையதே. தாம் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமை எத்தகையது என்பதைத் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

எனவே ஒவ்வொருவரும் தமது கடவுச்சொல்லைத் தாமே சோதித்துப் பார்ப்பது அவசியம். இதற்கு மென்பொருள் தேவையில்லை. நம்மை அறிந்த ஒருவர் அதனை ஊகிக்க முடியுமா, அது இலக்கங்களால் மட்டும் ஆனதா, ரவுட்டரைப் பொருத்தியவர் இட்டதே இன்னும் உள்ளதா என்ற மூன்று வினாக்கள் போதும். பிறருடைய இணைப்பைச் சோதிப்பது வேறு விடயம். அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரியது என்பதை இளைஞர்கள் மனங்கொள்ள வேண்டும்.

எனினும் முழுப் பொறுப்பையும் பாவனையாளர் மீது சுமத்துவது நியாயமாகாது. கலிபோர்னியாவில் 2020 முதலும் பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதலும், எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பனை செய்வதைச் சட்டம் தடுக்கின்றது. பூட்டை விற்பவன் எல்லோருக்கும் ஒரே சாவியைக் கொடுத்தல் ஆகாது என்பதே அதன் தத்துவம். நமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இணைப்பு வழங்கும் நிறுவனங்களும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். ரவுட்டரைப் பொருத்த வருபவர், வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு அதையே கடவுச்சொல்லாக இட்டுச் செல்லும் வழக்கம் எங்கிருப்பினும் அது முதலில் ஒழிய வேண்டும். அதுவரை, நமது வாசலை நாமே காத்துக்கொள்வதே விவேகமாகும்.