இருப்புப்பாதையும் தொழிற்சாலை நிலமும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்ததும், திருநெல்வேலிச் சீமை அன்பர் ஒருவர் இரண்டு மனைப்படங்களுடன் நம்மை அணுகினார். இருபது ஆண்டுகள் பிறர் லேத் பட்டறையில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு சொந்தப் பட்டறை அமைக்க விரும்புகிறார். மனைகள் இரண்டும் மும்பைக்கு வெளியே உள்ளவை, பரப்பும் ஒன்றே. விலையிலோ ஒன்று மற்றதைப்போல் மும்மடங்கு. "மண் ஒரே மண்தானே, தம்பி?" என்றார். சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு இக்கேள்வி புதிதன்று.

1853இல் போரிபந்தருக்கும் தாணாவுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. மறு ஆண்டே காவஸ்ஜி தாவர் இந்நகரின் முதல் நூற்பாலைக்கு அடிகோலினார். பின்னர்ப் பரேல், லால்பாக் பகுதிகளில் ஆலைப் புகைபோக்கிகள் நெருங்கி எழுந்தன. உள்நாட்டுப் பஞ்சு இருப்புப்பாதை வழியே வந்திறங்கும், துறைமுகம் அருகிலிருந்தது, கடற்காற்றின் ஈரம் நூலை அறாமல் காத்தது, தொழிலாளர் பக்கத்துச் சால்களிலிருந்து நடந்தே வந்தனர். அந்நிலத்தின் மதிப்பு இவ்வளவும் சேர்ந்ததே.

அதே இடம்தான் பிற்காலத்தில் ஆலைகளுக்குப் பகையாயிற்று. 1982இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் ஈடுபட்ட வேலைநிறுத்தத்துக்குப் பின் பல ஆலைகள் திறக்கவேயில்லை. நகரமோ அவற்றைச் சூழ்ந்து வளர்ந்துவிட்டது. 2005இல் தேசியப் பஞ்சாலைக் கழகத்துக்குரிய, சுமார் 17 ஏக்கர் கொண்ட ஓர் ஆலை நிலம் 702 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. வாங்கியவர் தறி ஓட்டவா வாங்கினார்? பஞ்சுக்கு ஏற்றதாயிருந்த இடம் அலுவலகத்துக்கும் அங்காடிக்கும் ஏற்றதாகிவிட்டது.

ஆகவே அன்பரிடம் நாம் கேட்டது ஒன்றே: "அண்ணாச்சி, உங்கள் தொழிலுக்கு எது அருகில் வேண்டும்?" விலை மிகுந்த மனைக்கு அருகே கூட்ஸ் ஷெட் இருக்கிறது. இரும்பும் சிமெண்டும் வாகன் கணக்கில் இறக்குவோர்க்கு அது பெரும் பேறு. லாரிக்கூலி மிஞ்சும், ஏற்றி இறக்கும் செலவு ஒருமுறை குறையும். சிறு உறுப்புகளைக் கடைந்து டெம்போவில் அனுப்புபவர் அதற்கு ஏன் விலை கொடுக்கவேண்டும்? அவருக்கு வேண்டியவை மும்முனை மின்சாரம், வேலை கொடுக்கும் பெரிய தொழிற்சாலைகளின் அண்மை, ஆட்கள் வந்துசேர ஒரு லோக்கல் வண்டி நிலையம்.

மலிவான மனையைப் பற்றியும் எச்சரித்தோம். சில ஆண்டுகளுக்குமுன் நாமும் நண்பர் மூவரும் இவ்வாறே மலிவைக் கண்டு ஒரு பட்டறையில் பங்கு போட்டோம். நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். முதல் மழையிலேயே பாதை சேறாகி லாரி உள்ளே வரவில்லை. இரவுப்பணி முடிந்து திரும்ப வண்டியின்றி ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுகொண்டனர். ஓராண்டில் இயந்திரத்தை விற்றோம். நம் பங்கு நாற்பதாயிரத்தில் திரும்பியது ஒன்பதாயிரம். வீட்டில் இன்றும் அப்பேச்சு எழுவதுண்டு.

அரசுத் தொழிற்பேட்டையில் வாடகைக் கொட்டகை ஒன்றில் ஈராண்டு நடத்திப் பார்க்கலாமே என்றோம். அண்ணாச்சிக்குச் சொந்த மண்மீதுதான் ஆசை. எனினும் வரும் ஞாயிறன்று நிலையத்திலிருந்து அம்மலிவு மனைக்கு நம்முடன் நடந்தே வர இசைந்திருக்கிறார். மழை ஓய்வதற்குள் பார்த்துவிடவேண்டும் என்பது நம் எண்ணம்.